தேவாரம் வீட்டிலேயே பாடம், பிறகென்ன கம்பஸ்?

கேள்வி: என் மகள் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள். உயர்தரத்துக்கு வணிகப் பிரிவுக்குப் போ என்கிறேன், அவளோ இந்து நாகரிகம், வரலாறு, தமிழ் என்று மூன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தேவாரம் அவளுக்கு ஐந்து வயதிலேயே பாடம். வரலாறு இப்போது போனிலேயே கிடைக்கிறது. கதை கவிதையை ஓய்வு நேரத்தில் வாசிக்கலாம். இதற்காக வந்தாறுமூலையிலோ பேராதனையிலோ போய் மூன்று நான்கு வருடம் கிடக்க வேண்டுமா? போதாததற்கு, சமயத்தைக் கம்பஸில் படித்தால் பக்தி போய்விடும் என்றும் சொல்கிறார்கள். அவளுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லுங்கள்.
(உப்புவெளி வாசகர் ஒருவர்)

பதில்: சொல்கிறேன் ஐயா. ஆனால் அவளுக்கல்ல, உங்களுக்கு.

தேவாரம் பாடம் என்கிறீர்களே, நம் திருகோணமலைக் கோணேசர்மேல் சம்பந்தர் பாடிய பதிகத்தில், கடல் முத்துச் சுமந்து வருவதைச் சொல்லிவிட்டு, 'குடிதனை நெருங்கிப் பெருக்கமாய்த் தோன்றும் கோணமாமலை' என்று ஒரு வரி வருகிறது. அதைப் பாடும்போது ஒருநாளாவது நின்று யோசித்திருக்கிறீர்களா? 7ஆம் நூற்றாண்டில் இந்த மலையடியில் குடிகள் நெருங்கி வாழ்ந்ததாகச் சொல்லும் வரி அது. வரலாறு படிக்கிற பிள்ளைக்கு அது போதும், துள்ளிக் குதிக்கும். இலக்கியம் படிக்கிற பிள்ளை, பொறு பொறு, கடல் முத்துக் கொண்டுவந்து கொட்டுவது கடற்கரைத் தலங்களைப் பாடும்போது வழக்கமாக வருகிற வர்ணனை, அதை அப்படியே சாட்சியாக எடுக்காதே என்று கையைப் பிடித்து இழுக்கும். சம்பந்தர் இங்கே வரவில்லை, இராமேஸ்வரத்தில் நின்றே பாடினார் என்பது மரபு. அப்படியென்றால் இந்த ஊரைப் பற்றி அவருக்குச் சொன்னது யார், கடலில் போய்வந்த வணிகரா, அடியாரா? ஒரே ஒரு வரிக்குள் இத்தனை இருக்கிறது, நீங்களும் நானும் வருடக்கணக்காக அதைப் பாடிவிட்டு, விபூதி பூசிக்கொண்டு, கச்சான் வாங்கி மானுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

கோயிலுக்குப் போகும் வழியில், அந்த மான் நிற்கிற கோட்டை வாசலிலேயே இன்னொன்று இருக்கிறது. இரட்டை மீனோடு பாட்டு வரிகளும் செதுக்கிய கல். 'முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே' என்று நம்மூரில் சின்னப்பிள்ளையும் சொல்லும், இங்கே கோயிலும் குளமும் கட்டியதாகச் சொல்லும் அரசன் குளக்கோட்டன், பறங்கி என்றால் போர்த்துக்கேயர். ஆனால் கல்லில் இருப்பது சிதைந்த வரிகள், நாம் சொல்வதோ பூனைக்கண், புகைக்கண் என்று பின்னால் வரும் ஆட்சியாளரையும் சேர்த்து முழுசாக நிற்கிற பாட்டு. மீதியை நிரப்பியது யார்? பறங்கி வருவதற்கு முன் சொன்ன தீர்க்கதரிசனமா, கோயில் போன பிறகு நொந்தவர் யாரோ வெட்டி வைத்ததா? எழுத்தின் வடிவத்தைப் பார்க்கத் தெரிந்தவர், பாட்டின் யாப்பைப் பார்க்கத் தெரிந்தவர், குளக்கோட்டன் கதை ஏன் இந்த மாவட்டத்துக் குளத்தோடும் கோயிலோடும் இப்படி ஒட்டிக்கொண்டது என்று பார்க்கத் தெரிந்தவர், மூன்று பேரும் வேண்டும். உங்கள் மகள் அந்த மூன்றையும் சேர்த்துக் கேட்கிறாள், நீங்கள் அதைப் பிடிவாதம் என்கிறீர்கள்.

போனில் கிடைக்கும் என்றீர்கள். கிடைக்கும். 'கோணேசர் கல்வெட்டு' என்று தேடிப் பாருங்கள், அது கல்லில் வெட்டியதல்ல, கவிராசவரோதயர் செய்த நூல் என்பதைக்கூடக் கவனிக்காமல் ஆளுக்கு ஆள் 'கல்வெட்டு ஆதாரம்' என்று போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலைப் பற்றி நாம் கண்ணீர் விடுகிறோம், நியாயம்தான், ஆனால் அந்தக் கோயிலைப் பற்றிய முக்கியமான பழைய குறிப்புகளில் ஒன்று குவேறோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார் எழுதியது. இடித்தவர் பக்கத்து ஆளின் எழுத்திலிருந்து இடிபட்டதன் உருவத்தைப் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது, அவர் எங்கே பெருமைக்கு மிகைப்படுத்துகிறார், எங்கே கண்டதைச் சொல்கிறார் என்று பிரிக்க வேண்டும். 1786இல் வான் சென்டன் என்ற ஒல்லாந்த அதிகாரி இந்தச் சுற்றுவட்டாரத்தை நேரில் பார்த்து ஒரு நாட்குறிப்பு எழுதினார். நம்மில் எத்தனை பேருக்கு ஒல்லாந்த மொழி தெரியும்? (உங்கள் மகள் அதைப் படிக்கப் போனால் நான் இன்னும் சந்தோஷப்படுவேன்.)

பக்தி போய்விடும் என்ற பயத்துக்கு வருகிறேன். கம்பஸில் யாரும் நீ நம்புகிறாயா என்று கேட்டுப் புள்ளி போடுவதில்லை. இந்த நம்பிக்கை எந்தக் காலத்தில், எந்த நூலில், யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் தேடும்போது சில வசதியான எண்ணங்கள் உடையும், அது உண்மைதான். பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை இருக்கிறதே, நம் ஆட்கள் நாதனார் கோயில் என்று சொன்ன இடம், அங்கே கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் அதன் பெயர் இராஜராஜப் பெரும்பள்ளி. பள்ளி என்றால் அங்கே பௌத்தப் பள்ளி. தஞ்சையில் பெரிய கோயில் கட்டிய சைவ அரசன் பெயரில் இங்கே ஒரு புத்தர் கோயில், அதற்கு விளக்கெரிக்கப் பசுக்களைத் தானம் கொடுத்தவர்கள் அதைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழன் என்றால் சைவன், பௌத்தம் என்றால் சிங்களம் என்று இரண்டு பக்கத்திலும் கத்துகிறவர்களுக்கு இந்தக் கல் தொண்டையில் சிக்கும். இந்த மாவட்டத்தில் ஒரு பழைய செங்கல் வெளியே வந்தால் அது யாருடையது என்று ஊரே இரண்டுபடுகிறது, அந்த நேரத்தில் கல்லை வாசிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் நாலு பேராவது இருக்க வேண்டாமா? கத்துவதற்கு ஆள் நிறைய இருக்கிறது.

லேசான பாடம் என்ற இளக்காரமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. நம்மூர் இந்துக் கல்லூரியைக் கொஞ்சக் காலம் நடத்திய விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. அவர் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை வைத்துக்கொண்டு பழைய யாழின் நரம்புக் கணக்கைப் போட்டு 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். அதைத் திறந்து பாருங்கள், பாதிப் பக்கத்தில் கணக்கு நிற்கும். அவருக்கும் முன்னால், இந்த ஊரில் பிறந்த சரவணமுத்துப்பிள்ளை சென்னைக்குப் போய்ச் சுவடிகளோடு வேலை பார்த்து, 1895இல் மோகனாங்கி எழுதினார். தமிழில் முதல் வரலாற்று நாவல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். சுவடியும் சரித்திரமும் கதையும் ஒரே தலைக்குள் இருந்ததால் வந்தது.

இனி உங்கள் பக்கத்து நியாயம். வேலை. கலைப் பட்டம் எடுத்துவிட்டு அரசாங்க நியமனத்துக்காக வெயிலில் பந்தல் போட்டு உட்கார்ந்த பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அது பொய்யில்லை, அதை மறைத்து உங்கள் மகளை நான் தள்ளிவிட மாட்டேன். அதற்குப் பாதிக் காரணம் நாட்டின் நிலைமை. மீதி, நோட்ஸ். நான் படித்த இடத்தில் ஒரு விரிவுரையாளர் ஓரம் மஞ்சளாகிப்போன ஒரு கொப்பியைப் பார்த்து வாசிப்பார், நாங்கள் எழுதுவோம், சோதனையில் அதையே திருப்பி எழுதுவோம், மூன்று வருடத்தில் ஒரு மூல நூலைக்கூடக் கையில் எடுக்காமல் பட்டம் வாங்கியவர்கள் என் வகுப்பில் இருந்தார்கள். அப்படிப் படிப்பதாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி, வீட்டிலேயே இருக்கட்டும். படிக்கப் போனால் மூலத்தைப் படிக்கட்டும், ஆங்கிலமும் சிங்களமும் சரளமாக வரட்டும், கிரந்த எழுத்தும் பழகட்டும், விடுமுறையில் வந்து ரியூஷன் கொடுப்பதற்குப் பதில் கன்னியா, கந்தளாய், தம்பலகாமம் என்று அலையட்டும். அரசாங்கம் ஒன்றும் தராவிட்டாலும் மொழிபெயர்ப்பு, பத்திரிகை, சுற்றுலா என்று கைகொடுக்க வழி உண்டு, பெரிய சம்பளம் என்று சொல்ல மாட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை கோணேசருக்குப் போகும்போது கோட்டை வாசலில் மகளை இறக்கிவிட்டு ஒன்றும் சொல்லாமல் தள்ளி நில்லுங்கள். அந்தக் கல்லுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றாளானால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள். நேரே மான் பார்க்கப் போனாளானால், வணிகப் பிரிவும் நல்ல பிரிவுதான்.