பொதுமக்களுக்குப் புள்ளியியல் புரிய, சேர்ந்து கணக்கெடுப்பது உதவுமா?

உதவும். நீங்கள் ஒரு கல்லூரியின் சார்பில் விழிப்புணர்வு நிகழ்ச்சிக்குத் திட்டமிடுகிறீர்களோ என்னவோ, தெரியவில்லை. இந்தியப் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸின் பிறந்த நாளான ஜூன் 29ஆம் தேதி, 2007ஆம் ஆண்டு முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் அன்று வாசகப் போட்டி வைத்துச் சான்றிதழ் கொடுப்பார்கள், எவரும் எதையும் எண்ண மாட்டார்கள். அப்படிப்பட்ட நிகழ்ச்சி என்றால் என் பதில் உங்களுக்குப் பயன்படாது.

குடியாத்தத்தில் எங்கள் வாசகர் வட்டம் குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று சில தெருக்களில் கணக்கெடுத்தது. மாணவர்கள், நெசவாளர்கள், பீடி சுற்றும் பெண்கள், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற நான் எல்லோரும் அதில் இருந்தோம். வீடு வீடாகப் போவது எளிதாக இருந்தது. எதைத் 'தண்ணீர் வந்த நாள்' என்று எழுதுவது என்பதில்தான் சண்டை. நள்ளிரவுக்கு முன் தொடங்கிப் பின்னிரவில் நின்றால் ஒரு நாளா, இரண்டு நாளா? இரண்டு குடம் நிரம்புவதற்குள் நின்றுபோனால் அது வந்ததாகுமா? பூட்டிக் கிடக்கும் வீட்டை விட்டுவிடலாமா? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஓர் அம்மாள்தான் இவற்றை முதலில் கேட்டார். கழித்துப் போட்ட பீடியைச் சேர்த்து ஆயிரமா, சேர்க்காமல் ஆயிரமா என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவருக்கு வரையறையின் அருமையை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது சராசரி. ஏழு வீடுகளில் ஐந்துக்கு 4 நாளுக்கு ஒருமுறையும், மேட்டுத் தெருவிலுள்ள இரண்டுக்கு 18 நாளுக்கு ஒருமுறையும் தண்ணீர் வருவதாக வைத்துக்கொண்டு பலகையில் போட்டுக் காட்டினேன்: கூட்டுச் சராசரி 8 நாள், இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண், 4 நாள். "எட்டு நாளுக்கு ஒருக்கா தண்ணி வர்ற வீடு எது சார், காட்டுங்க" என்றார் அதே அம்மாள். அப்படி ஒரு வீடும் இல்லை. 4 என்று சொன்னாலும் மேட்டுத் தெரு மறைந்துவிடுகிறது என்பதை ஒரு மாணவன் எடுத்துச் சொன்னான். புள்ளியியல் கடைசி இயலாக இருப்பதால் தேர்வு நெருக்கத்தில் அதை ஓட்டமாக ஓட்டிவிட்ட பத்தாம் வகுப்பில் இப்படியொரு கேள்வி எனக்கு வந்ததேயில்லை.

நாலு தெருவைக் கேட்டால் அது புள்ளிவிவரமா என்று சிலர் கீழே எழுதக்கூடும். ஊர் முழுமைக்கும் பொருந்தும் என்று நாங்கள் சொல்லவில்லை. வங்காளத்தில் சணல் பயிரைக் கணக்கெடுத்தபோது மகலனோபிஸ், ஒரே பகுதிக்குத் தனித்தனிக் குழுக்களை அனுப்பி, அவர்கள் கொண்டுவந்த மாதிரிகளை ஒப்பிட்டுப் பிழையின் அளவை மதிப்பிட்டார். அதைப் படித்திருந்ததால் நாங்களும் ஒவ்வொரு தெருவுக்கும், ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்காதபடி, இரண்டு குழுக்களை அனுப்பினோம். இரு நோட்டுகளும் ஒத்துப்போகாத இடங்களில்தான் வட்டத்தில் உண்மையான படிப்பு நடந்தது. கேள்வியைக் கேட்ட விதம் மாறினால் பதிலும் மாறுவதை எல்லோரும் தம் கையெழுத்திலேயே கண்டார்கள்.

பிறகு ஒருநாள், வேலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 39 லட்சத்திலிருந்து 16 லட்சமாகக் குறைந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. 2011 கணக்கெடுப்பின் 39,36,331 பழைய மாவட்டத்துக்குரியது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. அதே 2011 கணக்கில் இன்றைய எல்லைக்குள் வருவது ஏறத்தாழ 16.14 லட்சம், யாரும் எங்கும் போய்விடவில்லை. இதை நான் விளக்குவதற்கு முன்பே, "எந்த வேலூர்னு போடலையே" என்று வட்டத்திலிருந்து ஒருவர் பதில் அனுப்பியிருந்தார்.

நீங்கள் தொடங்குவதானால், அந்த ஊர்க்காரர்கள் ஏற்கெனவே சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஒரு பொருளை எடுங்கள். படிவத்தை நீங்களே அச்சடித்துக்கொண்டு போகாமல், அதன் முதல் வரியை அவர்களை எழுதச் சொல்லுங்கள்.