பட்டப்பகலில் ஹெட்லைட் எதற்கு?

கேள்வி: 1920-களில் அமெரிக்காவில் நெடுந்தூரம் கார் ஓட்டியவர்கள் பகலிலேயே ஹெட்லைட்டைப் போட்டுக்கொள்வார்களாமே, ஏன்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: பேட்டரியைக் காப்பாற்றத்தான். 1912-இல் காடிலாக் காருக்கு சார்லஸ் கெட்டரிங் செல்ஃப் ஸ்டார்ட்டர் செய்து கொடுத்தார். ஸ்டார்ட்டர் வந்தால் பேட்டரி வேண்டும், பேட்டரி வந்தால் ஓடும்போதே அதைச் சார்ஜ் செய்ய டைனமோ வேண்டும். ஃபோர்டு மாடல் டி-க்கு இதெல்லாம் 1919-இல்தான் வந்தது. சிக்கல் என்னவென்றால், இன்ஜின் வேகம் ஏற ஏற டைனமோவின் வோல்டேஜும் ஏறும், அதை எப்படி அடக்குவது?

மாடல் டி-யில் வோல்டேஜை அடக்கும் ரெகுலேட்டர் கிடையாது, கரண்டை வெளியே எடுக்கும் வழக்கமான இரண்டு கார்பன் பிரஷ்களோடு மூன்றாவதாக ஒன்றுதான் உண்டு. டைனமோவுக்குள் காந்தப்புலத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயிலுக்குப் போகிற மின்சாரத்தை அந்தப் பிரஷ்தான் கம்யூட்டேட்டரிலிருந்து, அதாவது பிரஷ்கள் உரசும் சுழலும் செம்பு உருளையிலிருந்து, எடுக்கும். ஆர்மேச்சரில், அதாவது மின்சாரம் உண்டாகும் சுழலும் சுருளில், கரண்ட் அதிகமானால் அதுவே ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, ஃபீல்டின் காந்தப்புலத்தைச் சுழலும் திசைப் பக்கம் தள்ளிவிடும். அப்போது மூன்றாவது பிரஷ்ஷுக்குக் கிடைக்கும் வோல்டேஜ் குறையும், ஃபீல்டு பலவீனமாகும், கரண்ட் தானே அடங்கும். நகரும் பாகம் ஒன்றுகூட இல்லாமல் இந்த வேலை நடந்தது, கெட்டிக்கார யோசனைதான்.

ஆனால் அது கவனிப்பது தன் கரண்டை மட்டும். பேட்டரி நிறைந்துவிட்டதா என்பது அதற்குத் தெரியாது, நிறைந்த பிறகும் ஏற்றிக்கொண்டே இருக்கும், ஆசிட் தண்ணீர் குமிழிட்டு வற்றும். அதனால்தான் கூடுதல் கரண்டைத் தின்ன ஹெட்லைட். கோடையில் பிரஷ்ஷைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திச் சார்ஜைக் குறைப்பதும், குளிர்காலத்தில் சுழலும் திசையில் தள்ளிக் கூட்டுவதும் உண்டு. சொல்லப்போனால் அந்தக் காரில் ரெகுலேட்டர் டிரைவர்தான்!

கேள்வி: அப்படியானால் மாடல் டி டைனமோவின் தலையில் இருக்கும் சின்னத் தகர டப்பா ரெகுலேட்டர் இல்லையா? (வாசகர், ஈரோடு)

பதில்: இல்லை, அது கட்-அவுட், அதாவது டைனமோவையும் பேட்டரியையும் தானாகவே இணைத்துப் பிரிக்கும் ஸ்விட்ச். உள்ளே ஒரே இரும்புத் துண்டின் மேல் இரண்டு சுற்று: மெல்லிய கம்பியில் நிறைய, தடித்த கம்பியில் கொஞ்சம். டைனமோ வோல்டேஜ் பேட்டரியைத் தாண்டியதும் மெல்லிய சுற்று பாயின்ட்டை (ஸ்விட்சின் தொடும் முனையை) இழுத்து இணைக்கும். இன்ஜின் நின்றால் பேட்டரியிலிருந்து கரண்ட் திரும்பி ஓடப் பார்க்கும், அது தடித்த சுற்றில் எதிர்ப்பக்கமாகப் பாய்ந்து காந்தத்தைக் குலைக்க, ஸ்பிரிங் பாயின்ட்டைப் பிரித்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை.

உண்மையான ரெகுலேட்டர் பரவலானது 1930-களின் நடுவில். வோல்டேஜ் எல்லை தாண்டினால் பாயின்ட் திறந்து ஃபீல்டு வழியில் ஒரு ரெசிஸ்டன்ஸ் சேரும், இறங்கினால் மூடும், நொடிக்குப் பல தடவை இப்படியே துடிக்கும். அப்புறம் ஒரு விஷயம், உங்களிடம் மூன்று பிரஷ் டைனமோ உள்ள வண்டி இருந்தால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓட்டாதீர்கள், வோல்டேஜைப் பிடித்து நிறுத்த ஆளில்லாமல் டைனமோவே கருகிவிடும்.