பெரிய 4கே திரை, பழைய கார்டு: கேம் செட்டிங்ஸ் கேள்வி-பதில்

காரைக்குடி வாசகர்: 24 அங்குல 1080பி மானிட்டரைக் கொடுத்துவிட்டு 43 அங்குல 4கே வாங்கினேன். கிராபிக்ஸ் கார்டு பழைய 8 ஜிபிதான். எல்லா கேமும் திக்குகிறது. எல்லாவற்றையும் ‘லோ’வில் வைத்துவிடவா?

வேண்டாம். பெரிய திரை வாங்கிய பலனே போய்விடும். 1080பி-யில் ஒரு ஃபிரேமுக்கு 20,73,600 புள்ளிகள், 4கே-யில் 82,94,400. அதே கார்டு நாலு பங்கு வேலை பார்க்கிறது. முதலில் குறைக்க வேண்டியது இந்தப் புள்ளிக் கணக்கைத்தான். விண்டோஸில் 3840 × 2160 அப்படியே இருக்கட்டும். கேமுக்குள் டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர் என்ற படம் விரிக்கும் வசதி இருந்தால் ‘குவாலிட்டி’ வையுங்கள். உள்ளே 2560 × 1440-இல் வரைந்து 4கே-க்கு விரித்துக் காட்டும். போதவில்லையென்றால் ‘பெர்ஃபார்மன்ஸ்’, அது 1920 × 1080. அதற்கும் கீழே போனால் இவ்வளவு பெரிய திரையில் மின்கம்பியும் மரக்கிளையும் நெளிவது கண்ணை உறுத்தும்.

அடுத்து, கேமில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்ணைத் திரையில் வரவைத்து, ஒவ்வொன்றாக இறக்கிப் பாருங்கள். ரே ட்ரேசிங் (ஒளிக்கதிரின் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) ஆஃப். பிறகு வால்யூமெட்ரிக் மேகம், மூடுபனி, ஷேடோ, ரிஃப்ளெக்ஷன். இவற்றை அல்ட்ராவிலிருந்து மீடியத்துக்கு இறக்கினால் படத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, எண்ணில் தெரியும்.

டெக்ஸ்சர் (சுவர், தரை போன்ற பரப்புகளின் மேல் ஒட்டும் படம்) கதை வேறு. கார்டின் மெமரியில் இடம் இருக்கும்வரை அது ஃபிரேமைத் தின்னாது. இடம் தீர்ந்தால்தான் வினை: சட்டென்று திரும்பும்போது படம் அரை நொடி உறையும்; எதிர்ச்சுவர் முதலில் களிமண் பூசினாற்போல் தெரிந்து, பிறகுதான் செங்கல் செங்கலாக வரும். அப்போது ஒரு படி இறக்கி, கேமை மூடித் திறங்கள்.

தேவகோட்டை வாசகர்: 4கே டிவியில் 30 ஹெர்ட்ஸ்தான் வருகிறது. சிவப்பு எழுத்துகள் கலங்கித் தெரிகின்றன.

கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் சொருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பலர் தடுக்கி விழும் இடம் அது. எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே-க்கு வழக்கமாக 30 ஹெர்ட்ஸ்தான். 2.0 என்றால் 60. 120 வேண்டுமென்றால் கார்டு, டிவி இரண்டிலும் 2.1 போர்ட்டும் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ கேபிளும் வேண்டும். டிவி மெனுவில் அந்த போர்ட்டுக்கான கூடுதல் வேக அமைப்பை ஆன் செய்து, கேம் மோடு போடுங்கள். எழுத்து கலங்குவது நிறத் தகவலின் பெரும்பகுதியை விட்டு அனுப்புவதால். கார்டின் டிரைவர் செட்டிங்கில் 4:2:0 என்ற அந்தக் குறைத்த நிற முறையை மாற்றி, முழு நிறம் அனுப்பும் ஆர்ஜிபி தேர்ந்தெடுங்கள். ஹெர்ட்ஸை விண்டோஸின் ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’யில் நீங்களே மாற்ற வேண்டும்.

கானாடுகாத்தான் வாசகர்: வளவை (உள்முற்றத்தை) ஒட்டிய பட்டாலையில் திரை இருக்கிறது. பகலில் குகைக் காட்சி எதுவும் தெரியவில்லை.

முற்றத்து வெளிச்சம் நேரே திரையில் விழுகிறது. திரையைப் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். பாதி குறை தீரும். கேமின் காமாவை (இருண்ட பகுதிகளை வெளுக்க வைக்கும் அமைப்பை) கூட்டாதீர்கள், ராத்திரியில் கருப்பெல்லாம் சாம்பலாகிவிடும். மானிட்டரின் பிரைட்னஸைக் கூட்டுங்கள். ராத்திரியிலும் இருட்டாகவே இருந்தால், கணினி ‘ஃபுல்’ ரேஞ்ச் (கருப்பு முதல் வெள்ளை வரையிலான முழு அளவு) அனுப்ப, திரை ‘லிமிடெட்’ (சுருக்கிய அளவு) எதிர்பார்க்கிறது; இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

பள்ளத்தூர் வாசகர்: 4கே-யில் கேம் தொடங்கிய சில நிமிடங்களில் யுபிஎஸ் கத்தி அணைகிறது. மற்ற வேலைக்குப் பிரச்சினை இல்லை.

600 விஏ என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 4கே-யில் கார்டு முழு மூச்சாக ஓடும். பெரிய மானிட்டரும் சேர்ந்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஃபிரேமை 60-இல் கட்டிப்போடுங்கள். கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதமாக்குங்கள். சில ஃபிரேம்களே குறையும், சித்திரை வெயிலில் சூடும் தணியும். அப்படியும் அணைந்தால் 600 வாட் தாங்கும் யுபிஎஸ் வாங்குவதுதான் வழி. வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பதானால் ப்யூர் சைன் வேவ் (வீட்டு மின்சாரம்போல் சீரான அலை) வகைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கொயர் வேவ் என்றால் நல்ல எஸ்எம்பிஎஸ்கள் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டிகள்) பல முரண்டு பிடிக்கும்.

புதுவயல் வாசகர்: கிட்டே உட்கார்ந்து ஆடினால் தலை சுற்றுகிறது.

மோஷன் பிளர், கேமரா ஷேக் இரண்டையும் அணைத்து, ஃபீல்ட் ஆஃப் வியூவை (காட்சி விரியும் கோணத்தை) 90 டிகிரி பக்கம் கொண்டுபோங்கள். நாற்காலியை மூன்றரை அடி தள்ளிப் போடுங்கள்.