மேடம் சி. ஜே. வாக்கர் இன்னொருவரின் ஃபார்முலாவைத் திருடித்தான் பணக்காரர் ஆனாரா?

கேட்டவரும் தனியாகத் தொழில் தொடங்கி "திருடி" என்று பேச்சு வாங்கியவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் வாங்கியவள்தான்.

வாக்கர் கூந்தல் தயாரிப்புகள் விற்றுப் பணக்காரரான அமெரிக்கக் கறுப்பினப் பெண். முதலில் செயின்ட் லூயிஸ் நகரில் துணி துவைத்துப் பிழைத்தவர். முடி கொட்டிக்கொண்டிருந்தது. அன்னி மலோன் என்ற இன்னொரு கறுப்பினப் பெண் தொழிலதிபரின் கூந்தல் தயாரிப்புகளை விற்கும் ஏஜென்டாகச் சேர்ந்தார். 1905ல் டென்வர் போனார். கொஞ்ச நாளில் தன் பெயரிலேயே விற்க ஆரம்பித்துவிட்டார். மலோனுக்குக் கோபம் வராமல் இருக்குமா? ஆனால் வாக்கரின் களிம்பில் முக்கியச் சரக்கு கந்தகம். தலையில் வரும் பொடுகுக்கும் புண்ணுக்கும் வெகுகாலமாகப் போட்டுவந்ததுதான் அது. அதற்கு யார் பட்டா வாங்கி வைத்திருக்கிறார்கள்?

நான் பார்லரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, வீட்டிலேயே கூந்தல் தைலம் காய்ச்சி விற்கத் தொடங்கினேன். பார்லர் ஓனரக்கா என் கஸ்டமர்களுக்கே போன் போட்டு, "அது என் ஃபார்முலா" என்றார். அவருக்கே அது மாமியார் சொல்லிக்கொடுத்த பக்குவம்! என் தைலம் ஓடியதற்குக் காரணம் வேறு. எப்படித் தேய்ப்பது, எவ்வளவு நேரம் ஊறவிடுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவேன். அக்கா பாட்டிலைக் கொடுத்துக் காசை வாங்கியதோடு சரி.

வாக்கரும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்துத்தான் வளர்ந்தார். 1908ல் பிட்ஸ்பர்க்கில் பயிற்சிப் பள்ளி, 1910க்குப் பிறகு இண்டியானாபோலிஸில் தொழிற்சாலை, 1917ல் பிலடெல்பியாவில் ஏஜென்ட்களுக்கென்றே மாநாடு. மலோனை மட்டம் தட்டுகிறேன் என்று கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். ஏஜென்ட் வைத்து விற்கும் வழியை வாக்கர் அவரிடம்தான் பார்த்திருப்பார். காப்பி என்றால் அதைச் சொல்லுங்கள், கந்தகத்தை விடுங்கள்.

1912ல் சிகாகோவில் கறுப்பின வணிகர் மாநாடு. அதை நடத்திய கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் வாக்கருக்குப் பேச வாய்ப்பே தரவில்லை. தானாக எழுந்து, பருத்திக் காட்டிலிருந்து வந்தவள் நான், என் சொந்த நிலத்தில் தொழிற்சாலை கட்டியிருக்கிறேன் என்று பேசிவிட்டார். நான் போகும் வியாபாரிகள் கூட்டத்தில் பெண்களை மேடைக்குக் கூப்பிடுவது பூங்கொத்து கொடுக்க மட்டும்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். திருடி என்றவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "ஒரு பாட்டில்தானே" என்று ஓசியில் எடுத்துப்போகும் சொந்தக்காரர்களை முடியவில்லை. போன வாரம் ஒருவர், வாசனை கம்மி என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் வேறு அனுப்புகிறார்.