மெதடிஸ்ட் போதகர்கள் ஏன் அடிக்கடி ஊர் மாறுகிறார்கள்?

சேலத்தில் உங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா, மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவின் ஓய்வுபெற்ற போதகர், 40 வருட ஊழியத்தில் ஒன்பது ஊர் மாறினாராம். ஏதாவது தவறு செய்ததால் மாற்றினார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லவே இல்லை. மெதடிஸ்ட் முறையே அதுதான். 18-ஆம் நூற்றாண்டில் இதைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இங்கிலாந்தில் குதிரையேறி ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார். தன்னோடு ஊழியம் செய்த போதகர்களையும் ஒரே இடத்தில் வேரூன்ற விடவில்லை. இன்றும் சபை தன் போதகரைத் தேர்ந்தெடுப்பதில்லை, பேராயர்தான் நியமிக்கிறார். ஆண்டு மாநாட்டில் நியமனப் பட்டியலை வாசிக்கும்போது வேறு ஊருக்குப் பெயர் வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இதன் சுமை முழுவதும் குடும்பத்தின் மேல் விழும். பிள்ளைகள் பள்ளி மாறிக்கொண்டே இருப்பார்கள். குடியிருப்பது சபை வீடு. ஓய்வு பெற்றதும் அதைக் காலி செய்ய வேண்டும். தாத்தாவின் மனைவியிடமும் பேசிப் பாருங்கள். பாதி ஊழியம் அந்த அம்மா செய்தது.

அப்புறம், இங்கே மெதடிஸ்டுகளில் பிரிட்டிஷ் மிஷன் வழி, அமெரிக்க மிஷன் வழி என்று இரண்டு உண்டு. தென்னிந்தியாவில் பிரிட்டிஷ் வழி வந்தவர்கள், பல புராட்டஸ்டன்ட் சபைகள் இணைந்து உருவான தென்னிந்தியத் திருச்சபையில் 1947-இல் சேர்ந்துவிட்டார்கள். அமெரிக்க மிஷன் வழி வந்த மெதடிஸ்டுகள்தான் தனியாக நிற்கிறார்கள். தாத்தா எந்த வழி என்று கேளுங்கள், ஆசையாகச் சொல்வார்.