விண்வெளி மூலக்கூறுகளும் உயிரின் தொடக்கமும்: கேள்வி பதில்

பெங்களூரு வாசகர்களின் கேள்விகளுக்கு, வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் பதிலளிக்கிறார்.

அல்சூரிலிருந்து: பென்னு குறுங்கோளில் அமினோ அமிலங்கள் கிடைத்திருக்கின்றனவே, அங்கே உயிர் இருந்ததா, அம்மா?

அதற்குச் சான்று இல்லை. 2023 செப்டம்பரில் ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் அனுப்பிவைத்த 121.6 கிராம் மாதிரியில், புவியின் உயிர்கள் புரதத்துக்குப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன. டிஎன்ஏ, ஆர்என்ஏ ஆகியவற்றின் எழுத்துகள் போன்ற 5 நியூக்ளியோ காரங்களும் இருந்தன. ஆனால் உயிர்கள் பயன்படுத்தாத அமினோ அமிலங்களும் அவற்றோடு கலந்து கிடக்கின்றன. உயிர் தனக்கு வேண்டியதையே தேர்ந்து செய்யும்; வெறும் வேதிவினைக்கு அந்தத் தேர்வு கிடையாது. மூலப்பொருளை உயிர் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: இவை புவியில் ஒட்டிய மாசாக இருக்கலாமே?

நியாயமான ஐயம். மாதிரி மூடிய கலத்தில் வந்து நைட்ரஜன் சூழலில் பாதுகாக்கப்பட்டது. அதிலுள்ள அம்மோனியாவில், நைட்ரஜனின் கனமான வகையான நைட்ரஜன்-15 மிகுந்திருப்பதும் கடுங்குளிர்ப் பகுதியில் பிறந்த பொருளையே காட்டுகிறது.

ஜெயநகரிலிருந்து: நம் புரதங்களில் இடக்கை அமினோ அமிலங்களே இருப்பது விண்வெளியின் கொடையா?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த புதிர். பெரும்பாலான அமினோ அமிலங்கள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் அமையும். நம் புரதங்கள் இடக்கை வடிவத்தால் ஆனவை. 1969-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லிலுள்ள ஐசோவேலின் என்னும் அமினோ அமிலத்தில், ஆய்வாளர்கள் குரோனினும் பிட்சாரெல்லோவும் 1997-இல் இடக்கை மிகுதியைக் கண்டார்கள். ஐசோவேலின் புவியுயிர்களில் மிக அரிது என்பதால் அதை மாசு என்று ஒதுக்க முடியவில்லை. பென்னுவிலோ இரு வடிவங்களும் ஏறத்தாழச் சமம்; ஆகவே விண்வெளியின் கொடை என்ற எண்ணத்துக்கு அங்கே வலு இல்லை.

வேற்றுலகினர் விதைத்தார்களா? (மடிவாளா, ராஜாஜிநகர், இன்னும் பலர்)

முதல் பதிலைப் படியுங்கள்.

மகனை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம்?

கோரமங்கலாவிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் விசாரியுங்கள். அது என் துறை அன்று.

ஜெயநகரிலிருந்தே மீண்டும்: ஒரே குறுங்கோளை வைத்து முடிவு சொல்லலாமா?

ஒன்றல்ல. ஹயபுசா-2 விண்கலம் 2020-இல் கொண்டுவந்த ரியூகு குறுங்கோளின் மாதிரியிலும் அலனின் என்னும் அமினோ அமிலத்தின் இரு வடிவங்களும் சமமாகவே இருந்தன. விண்கல் தன் தாய்க்குறுங்கோளில் நீரில் ஊறிய அளவுக்கு ஐசோவேலினின் இடக்கை மிகுதி கூடுவதாக 2009-இல் ஆய்வாளர்கள் கிளாவினும் டுவொர்க்கினும் காட்டினார்கள். பென்னுவிலும் உப்புநீர் வற்றிய படிவுகள் உள்ளன. அத்தனை நீர் இருந்தும் அங்கே ஏற்றத்தாழ்வு தோன்றவில்லை. ஆகவே இடக்கைத் தேர்வு புவியிலேயே, உயிர் உருவான பாதையில் நிகழ்ந்திருக்கலாம் என்ற பக்கமே நான் சாய்கிறேன். மர்ச்சிசனின் மிகுதிக்கு வேறு விளக்கம் இருந்தால் எழுதுங்கள், விவாதிப்போம்.