பழைய மோட்டார்ஹோமைப் புதுப்பிக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஒன்டாரியோவில் வசிக்கிறோம். நானும் கணவரும், இரண்டு பிள்ளைகள், அம்மா என ஐந்து பேர். ஃபோர்டு இ-450 வண்டியின் மேல் கட்டிய 2012 மாடல் கிளாஸ் சி மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு, டிரைவர் தலைக்கு மேலும் ஒரு படுக்கை உள்ள வீட்டு வண்டி) ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறோம். சாப்பாட்டு மேசையை எடுத்துவிட்டு சோபா, தரைக்கு டைல்ஸ், சமையல் மேடைக்கு கிரானைட், கூரையில் சோலார் என்று நிறைய ஆசை. எதை முதலில் செய்வது?

பதில்: முதலில் ஓர் ஏணியை எடுத்துக்கொண்டு கூரையைப் பாருங்கள். ஒழுகும் வண்டிக்குள் செய்யும் எந்த அழகு வேலையும் வீண்செலவு.

மோட்டார்ஹோமின் சுவர் பெரும்பாலும் மெல்லிய பிளைவுட், தெர்மோகோல் மாதிரி ஒரு நுரைப்பலகை, வெளியே ஃபைபர்கிளாஸ், இவ்வளவுதான். கூரையில் ஏசி, காற்றுப்போக்கி, ஆன்டெனா பொருத்திய ஒவ்வொரு இடத்திலும் ஓட்டை போட்டு, தண்ணீர் புகாமல் இடைவெளியை அடைக்கும் சீலன்ட் பூசியிருப்பார்கள். வெயிலிலும் பனியிலும் அந்த சீலன்ட் வெடிக்கும். மயிரிழை விரிசல் போதும், தண்ணீர் உள்ளே இறங்கி மரத்தை மட்க வைத்துவிடும். வெளியே தெரிவதற்குள் வருடங்கள் ஓடியிருக்கும்.

கிளாஸ் சி வண்டியில் அதிகம் ஒழுகும் இடம் டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் படுக்கைப் பகுதி. மெத்தையைத் தூக்கிவிட்டு, முன்பக்க இரண்டு மூலைகளிலும் பலகையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் சரி. பொதபொதவென்று அமுங்கினாலோ, சுவர்க் காகிதம் சுருங்கி ஓரம் பழுப்பேறியிருந்தாலோ, அந்தப் பகுதியைப் பிரித்து மரத்தை மாற்றியே ஆக வேண்டும். அப்புறம், மாலை வெயிலில் வண்டியின் பக்கச் சுவரை ஓரமாக நின்று பாருங்கள். எங்காவது உப்பியிருந்தால் உள்ளே தண்ணீர் போய் ஃபைபர்கிளாஸ் பிரிந்துவிட்டது என்று அர்த்தம்.

கூரைக்கு அதற்கென்றே விற்கும், தானே பரவும் லாப் சீலன்டைப் பூசுங்கள். கூரை ரப்பரா ஃபைபர்கிளாஸா என்று பார்த்து, அதற்கு ஏற்றதாக வாங்குங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கான் வேண்டவே வேண்டாம். அடுத்த முறை அதன் மேல் எதுவும் ஒட்டாது. வசந்தத்தில் ஒரு முறை, பனிக்கு முன் ஒரு முறை கூரையைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சரி, கூரை காய்ந்திருக்கிறது. இப்போது சாப்பாட்டு மேசை. அதை எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பெரும்பாலான வண்டிகளில் பின்னால் சீட் பெல்ட் உள்ள இருக்கைகள் அங்கேதான் இருக்கின்றன. முன்னால் நீங்கள் இருவர் உட்கார்ந்தால், பிள்ளைகளும் அம்மாவும் எங்கே பெல்ட் போடுவார்கள்? ஆறு பேர் படுக்கலாம் என்று எழுதியிருப்பதால் ஆறு பேர் பயணிக்கலாம் என்று ஆகாது. பெல்ட்களை எண்ணிப் பாருங்கள். மெத்தையின் ஃபோமையும் துணியையும் மாற்றினாலே அந்த இடம் புதிதாகிவிடும்.

டைல்ஸும் கிரானைட்டும் வேண்டாம். ஓடும்போது வண்டியின் உடல் முறுக்கும், டைல்ஸின் இணைப்புகள் வெடிக்கும். எடையும் ஒரு பிரச்சினை. இ-450 சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) தாங்கும், வண்டியையும் சேர்த்த மொத்த எடை பொதுவாக 14,500 பவுண்டு, ஏறக்குறைய 6,580 கிலோ. பெரிய கிளாஸ் சி வண்டி காலியாகவே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். 150 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே 150 கிலோ. ஆட்களும் சாமானும் ஏறிய பிறகு லாரி எடைமேடையில் ஒரு முறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள். தரைக்கு வினைல் ஷீட் போதும். பக்கவாட்டில் வெளியே நீளும் அறை இருந்தால், புதிய தரை ஒரு சில மில்லிமீட்டர் தடித்தாலும் அது உரசும். முதலில் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள்.

நம் வீட்டுத் தாளிப்புக்கு, அடுப்புக்கு மேலிருக்கும் புகைப்போக்கியைக் கவனியுங்கள். அதன் வெளிப்பக்கச் சிறு கதவைப் பயணத்துக்காக பூட்டி வைத்திருப்பார்கள். திறக்காமல் சமைத்தால் மிளகாய் நெடி மெத்தைக்குள் தங்கிவிடும். சில மாடல்களில் புகை வெளியே போகாமல் உள்ளேயே சுற்றும். அப்படியானால் கூரையில் காற்றை வெளியேற்றும் விசிறி போடுங்கள். கேஸ் லைனில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள், சான்றிதழ் உள்ள டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். கேஸ் கசிவு, கார்பன் மோனாக்சைடு அலாரங்களின் பின்னால் இருக்கும் காலாவதித் தேதியையும், டயரின் பக்கத்தில் அச்சிட்ட டாட் (DOT) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2315 என்றால் 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். அவ்வளவு பழையதென்றால், சாலையில் உரசும் மேல்பகுதி எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

சோலார் கடைசியில். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் சுமார் 1,280 வாட்-மணி மின்சாரம் இருக்கும். 550 வாட் மிக்சியில் ஐந்து நிமிடம் சட்னி அரைக்க 50 வாட்-மணிகூட ஆகாது. கூரை ஏசியோ அதே பேட்டரியை ஒரு மணி நேரத்திற்குள் காலி செய்துவிடும். ஏசிக்கு, வண்டியை நிறுத்தித் தங்கும் முகாமின் 30 ஆம்பியர் மின் இணைப்பையோ ஜெனரேட்டரையோ நம்புங்கள். வெளி மின்சாரத்தைக் கொண்டு பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய கன்வெர்ட்டர் லித்தியத்தை முழுதாகச் சார்ஜ் செய்யாது, அதையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

ஒன்டாரியோவில் இருப்பதால் இன்னொன்று. சுழியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்தால் செல்கள் கெடும். வண்டி ஜனவரியில் சும்மா நின்றாலும் கூரைப் பேனல் வேலை செய்துகொண்டேயிருக்கும். ஆகவே குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் வசதியுள்ள பேட்டரியாக வாங்குங்கள், பேனல் இணைப்பைத் துண்டிக்க ஒரு சுவிட்சும் வைத்துக்கொள்ளுங்கள்.